சித்திரவதைக்கு எதிராகத் தனிச் சட்டம் இல்லை: குடிமக்கள் கேட்டு வாங்க முடியுமா?

2020 ஜூன் 19. ஊரடங்கு நேரம். சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திவந்த பென்னிக்ஸும் அவருடைய அப்பா ஜெயராஜும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கடையைக் குறித்த நேரத்தில் மூடவில்லை என்பதுதான் புகார். ஜூன் 22 இரவு மகன் இறந்தார். மறுநாள் காலை அப்பாவும் இறந்தார்.

அந்த வாரம் நாடே கொந்தளித்தது. ஹேஷ்டேக் டிரெண்ட் ஆனது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து விசாரித்தது. வழக்கு சிபிஐ கைக்குப் போனது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2025 ஜூன். சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயிலில் காவலாளியாக வேலை பார்த்த இளைஞர், நகை காணாமல் போன புகாரில் போலீஸ் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். மறுபடியும் வீடியோ, மறுபடியும் ஹேஷ்டேக், மறுபடியும் உயர் நீதிமன்றம், மறுபடியும் சிபிஐ.

சஸ்பெண்ட், கைது, இழப்பீடு, விசாரணை என்று ஒவ்வொரு முறையும் அந்த ஒரு வழக்கில் ஏதோ ஒன்று நடக்கிறது. ஆனால் அடுத்த வழக்கைத் தடுக்க வேண்டிய சட்டம் மட்டும் வரவில்லை. 'சித்திரவதை' என்ற பெயரிலேயே ஒரு குற்றத்தை வரையறுத்து, தண்டனையும் இழப்பீடும் சொல்லும் தேசியச் சட்டம் இந்தியாவில் இன்றுவரை இல்லை.

அதை யார் கேட்க வேண்டும், எங்கே கேட்க வேண்டும், கேட்டால் நடக்குமா? பார்ப்போம்.

அப்போ போலீஸ் அடிச்சா கேஸே கிடையாதா?

கேஸ் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 120வது பிரிவு, வாக்குமூலம் அல்லது தகவல் வாங்குவதற்காக ஒருவரைக் காயப்படுத்தினால் 7 ஆண்டு வரை, கொடுங்காயம் ஏற்படுத்தினால் 10 ஆண்டு வரை சிறை என்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 330, 331 பிரிவுகளாக இருந்தது. உயிர் போனால் கொலை வழக்கே போடலாம். 'இருக்கிற சட்டமே போதும்' என்று சொல்பவர்கள் இவற்றைத்தான் காட்டுகிறார்கள்.

ஓட்டை எங்கே இருக்கிறது?

முதலாவது, வரையறை. வாக்குமூலத்துக்காக அடிப்பது 120வது பிரிவில் வரும். பாடம் புகட்ட அடிப்பது, பழிவாங்க அடிப்பது அதில் வராது. அவை சாதாரண அடிதடிப் பிரிவுகளுக்குள் போய்விடும். உடலில் தழும்பு விடாத மனரீதியான வதைக்கு இந்தப் பிரிவில் இடமே இல்லை.

இரண்டாவது, முன் அனுமதி. அரசு ஊழியர் கடமையின்போது செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு, நீதிமன்றம் வழக்கை ஏற்பதற்கு முன் அரசின் அனுமதி வேண்டும். 'லாக்கப்பில் அடிப்பது கடமையா?' என்ற கேள்வியிலேயே பல வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுகின்றன. புதிய பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, 120 நாட்களுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கருதப்படும் என்கிறது. இது ஒரு முன்னேற்றம். ஆனாலும் வாசலில் அந்தப் பூட்டு இருக்கத்தான் செய்கிறது.

மூன்றாவதுதான் பெரிய ஓட்டை: நிரூபிக்கும் பொறுப்பு. காவல் நிலையத்துக்குள் நடந்ததற்கு யார் சாட்சி? அங்கே இருந்த போலீஸார்தான். காவலில் இருக்கும்போது ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், அதை ஏற்படுத்தியது அந்த நேரத்தில் பொறுப்பில் இருந்த போலீஸ்தான் என்று நீதிமன்றம் அனுமானிக்க வழி செய்யுங்கள் என்று சட்ட ஆணையம் தன் 113வது அறிக்கையில் பரிந்துரைத்தது. ஆண்டு 1985. சாட்சியச் சட்டமே புதிதாக எழுதப்பட்டு 2024ல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்தப் பரிந்துரை அதிலும் இடம்பெறவில்லை.

நிச்சயம் முடிந்தது, கல்யாணம் நடக்கவில்லை

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை 1984ல் நிறைவேறியது. இந்தியா 1997 அக்டோபர் 14 அன்று அதில் கையெழுத்துப் போட்டது. ஆனால் முறைப்படி ஏற்று, தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் அடுத்த கட்டத்துக்கு இன்னும் போகவில்லை. தாம்பூலம் மாற்றிவிட்டு கால் நூற்றாண்டுக்கு மேல் தாலி கட்டாமல் இருக்கிற கதை. 170க்கும் மேற்பட்ட நாடுகள் இதை முழுமையாக ஏற்றுவிட்டன.

உடன்படிக்கையை ஏற்க வேண்டுமானால் உள்நாட்டில் சட்டம் வேண்டும். அதற்காகத்தான் சித்திரவதைத் தடுப்பு மசோதா 2010 வந்தது. மக்களவை அதை 2010 மே மாதம் நிறைவேற்றியது. மாநிலங்களவை தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. குழு பல திருத்தங்களைச் சொல்லி அந்த ஆண்டு டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. அத்தோடு கிடப்பில் போனது. 2014ல் அந்த மக்களவையின் காலம் முடிந்தபோது மசோதாவும் காலாவதியானது.

2017ல் சட்ட ஆணையம் தன் 273வது அறிக்கையில் புதிய வரைவு மசோதாவையே எழுதிக் கொடுத்தது. ஆயுள் தண்டனை வரை தண்டனை, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு, புகார் கொடுப்பவருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு எல்லாம் அதில் இருந்தன.

2010 மசோதாவை ஆராய்ந்த தேர்வுக் குழுவின் தலைவராக இருந்த அஸ்வனி குமார் உச்ச நீதிமன்றம் போனார். சட்டம் இயற்று என்று நாடாளுமன்றத்துக்கு நீதிமன்றம் உத்தரவிட முடியாது என்று 2019 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது.

அதாவது, நீதிமன்றத்தின் வழியாக இந்தச் சட்டத்தை வாங்கும் கதவு மூடிவிட்டது. மிச்சம் இருப்பது நாடாளுமன்றத்தின் கதவு. அதைத் தட்ட வேண்டியவர்கள் வாக்காளர்கள்.

ஒரு லெட்டர் என்ன பண்ணும்?

1986 ஆகஸ்ட் 26. மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் நிர்வாகத் தலைவராக இருந்த டி.கே. பாசு, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். லாக்கப் மரணங்கள் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்திகளை இணைத்திருந்தார். அவ்வளவுதான். அந்தக் கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது.

தீர்ப்பு வர பத்து ஆண்டுகள் ஆகின. 1996 டிசம்பர் 18 அன்று நீதிமன்றம் 11 விதிகளைச் சொன்னது. கைது செய்யும் போலீஸ் பெயர்ப் பட்டை அணிய வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், காவலில் இருப்பவருக்கு 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்பவை அவற்றில் சில. பின்னர் 2008ல் இயற்றப்பட்ட குற்றவியல் நடைமுறைச் சட்டத் திருத்தம், இவற்றில் முக்கியமானவற்றைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. இப்போதைய புதிய சட்டத்திலும் அவை தொடர்கின்றன.

இன்று யாரையாவது கைது செய்தால் வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. அதன் தொடக்கம் ஒரு குடிமகனின் கடிதம். ஆனால் கடிதத்துக்கும் சட்டத் திருத்தத்துக்கும் இடையே 22 ஆண்டுகள். இந்த இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் இப்போது கையில் இருக்கும் வழிகள் என்னென்ன?

வழி 1: முதலில் ஆதாரம் சேருங்கள்

'எங்க மாநிலத்துல அப்படி எதுவும் நடக்கல' என்பது அரசுகளின் வழக்கமான பதில். அதை உடைப்பது ஆவணம் மட்டுமே.

கையால் மலம் அள்ளும் கொடுமைக்கு எதிரான போராட்டம் இதற்கு நல்ல உதாரணம். அதைத் தடை செய்யும் சட்டம் 1993லேயே இருந்தது. ஆனால் பெஸவாடா வில்சன் முன்னின்று நடத்திய சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003ல் உச்ச நீதிமன்றம் போனபோது, எங்களிடம் உலர் கழிப்பறையே இல்லை என்று பல மாநிலங்கள் சொல்லின. அமைப்பினர் ஊர் ஊராகப் போய் கணக்கெடுத்தார்கள், படம் எடுத்தார்கள், அதையே நீதிமன்றத்தில் வைத்தார்கள். 2013ல் இன்னும் வலுவான புதிய சட்டம் வந்தது. 2014 தீர்ப்பில், சாக்கடைக்குள் இறங்கி உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது நீதிமன்றம். 2023ல் அது 30 லட்சமானது.

காவல் சித்திரவதை விஷயத்தில் அதே வேலையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அதாவது ஆர்டிஐ மூலம் செய்யலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். ஒருவருடைய உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம்.

என்ன கேட்பது? எல்லாக் காவல் நிலையங்களிலும் சிசிடிவி வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நுழைவாயில், லாக்கப், வராண்டா எல்லாம் படத்தில் வர வேண்டும். ஒலியும் பதிவாக வேண்டும். பதிவை 18 மாதங்கள், அது முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். ஆகவே கேள்விகள் இப்படி இருக்கலாம்:

• எங்கள் காவல் நிலையத்தில் எத்தனை கேமராக்கள் உள்ளன? இன்றைய தேதியில் எத்தனை வேலை செய்கின்றன?

• பதிவு எத்தனை நாட்களுக்குச் சேமிக்கப்படுகிறது?

• கடந்த 5 ஆண்டுகளில் இந்த மாவட்டத்தில் காவல் மரணம் தொடர்பாக எத்தனை மாஜிஸ்திரேட் விசாரணைகள் நடந்தன? எத்தனையில் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆனது?

மறுத்தால் 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்கு ஆர்டிஐயிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு தொடர்பான தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று சட்டத்தின் 24வது பிரிவே சொல்கிறது.

வழி 2: எம்.பி.யைக் கேள்வி கேட்க வையுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேர், மாநிலங்களவைக்கு 18 பேர் போகிறார்கள். அவர்களுடைய முகவரியும் மின்னஞ்சலும் நாடாளுமன்றத் தளத்தில் உள்ளன. ஆனால் பெரும்பாலானோர் எம்.பி.க்கு எழுதுவது ரயில் நிற்க வேண்டும், ரோடு போட வேண்டும் என்பதற்காகத்தான். சட்டம் இயற்றுவதுதான் அவர்களுடைய முதல் வேலை என்பதை நாமே மறந்துவிடுகிறோம்.

எம்.பி. எழுத்துப்பூர்வமாக ஒரு கேள்வி கேட்டு, அது அனுமதிக்கப்பட்டால் அமைச்சகம் பதில் சொல்லியாக வேண்டும். பதில் நிரந்தரப் பதிவாகிவிடும். 2017-18 முதல் 2021-22 வரையிலான 5 ஆண்டுகளில் போலீஸ் காவலில் 669 மரணங்கள் பதிவாகியுள்ளன என்ற எண்ணிக்கை, தேசிய மனித உரிமை ஆணையத்தை மேற்கோள் காட்டி உள்துறை இணையமைச்சர் 2023ல் நாடாளுமன்றத்தில் அளித்த பதிலிலிருந்து கிடைத்ததுதான். கடைசி ஆண்டில் மட்டும் 175. யாரோ கேட்டதால்தான் அந்த எண் வெளியே வந்தது.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதினாலே போதும்:

'வணக்கம். நான் உங்கள் தொகுதி வாக்காளர். சித்திரவதைத் தடுப்புச் சட்டத்துக்கான வரைவைச் சட்ட ஆணையம் 2017ல் கொடுத்துவிட்டது. அந்த வரைவின் மீது அரசு என்ன முடிவெடுத்திருக்கிறது, மசோதா எப்போது வரும் என்று வரும் கூட்டத்தொடரில் கேள்வி எழுப்புங்கள். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.'

ஒரே மாதிரி ஃபார்வேர்டு செய்யப்பட்ட 500 மின்னஞ்சல்களை விட, அவரவர் ஊரையும் காரணத்தையும் சொல்லி எழுதிய 20 கடிதங்களுக்கு மதிப்பு அதிகம். கட்சிக்காரர்களிடமும் தேர்தல் நேரத்திலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: 'உங்க தேர்தல் அறிக்கையில இது இருக்கா?'

அரசுக்கும் இதில் லாபம் உண்டு என்று எடுத்துச் சொல்லலாம். 1995 புருலியா ஆயுத வீச்சு வழக்கில் இந்தியா தேடிவந்தவரை ஒப்படைக்க டென்மார்க் உயர் நீதிமன்றம் 2011ல் மறுத்தது. காரணம், இந்தியாவில் அவர் சித்திரவதைக்கு ஆளாகும் அபாயம். 2025ல் பிரிட்டன் உயர் நீதிமன்றமும் வேறொரு நாடுகடத்தல் வழக்கில் திகார் சிறையில் உள்ள ஆபத்தைக் காரணம் காட்டியது. குற்றவாளிகளைப் பிடித்து வரவும் இந்தச் சட்டம் உதவும்.

வழி 3: நாடாளுமன்றத்துக்கே மனு போடலாம்

இணையதளத்தில் 'சைன்' பண்ணும் மனு வேறு, நாடாளுமன்றத்துக்குப் போடும் மனு வேறு. முன்னதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பின்னதை ஆராய்வதற்கென்றே இரு அவைகளிலும் மனுக்கள் குழு இருக்கிறது. பொதுநலன் சார்ந்த விஷயமாக இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றி இருக்கக் கூடாது. கோரிக்கை என்ன என்பது தெளிவாக இருக்க வேண்டும். தமிழில் எழுதினால் ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பையும் கையெழுத்திட்டு இணைக்க வேண்டும். ஓர் எம்.பி. மேலொப்பமிட்டு அவையில் வைத்தால் வேகம் கூடும்.

தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களின் உரிமைகளுக்காக வந்த ஒரு மனுவை மாநிலங்களவையின் மனுக்கள் குழு ஆராய்ந்து 2008ல் அறிக்கை கொடுத்தது. அவர்களைப் பாகுபடுத்தும் சட்டங்களை மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை அதன் பிறகும் விடாமல் தொடர்ந்தது. விவாகரத்து கேட்பதற்குத் தொழுநோயை ஒரு காரணமாகக் காட்டலாம் என்ற விதி 2019ல் ஒரு சட்டத் திருத்தம் மூலம் நீக்கப்பட்டது.

வழி 4: தனிநபர் மசோதா

அமைச்சர் அல்லாத எம்.பி.யும் மசோதா கொண்டுவரலாம். வெள்ளிக்கிழமை பிற்பகல் அதற்கான நேரம். இப்படி வந்த மசோதா எதுவும் 1970க்குப் பிறகு இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமானதில்லை. அப்புறம் எதுக்கு என்று கேட்கலாம்.

திமுக எம்.பி. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைகள் மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் அது தேறவில்லை. ஆனால் அரசு இனி சும்மா இருக்க முடியாது என்ற நிலை வந்தது. அரசே மசோதா கொண்டுவந்து 2019ல் சட்டமாக்கியது. அந்தச் சட்டத்தின் பல பிரிவுகளைத் திருநர் சமூகத்தினரே கடுமையாக எதிர்த்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்குப் பின்னால் வருவோம்.

பக்கத்து நாட்டில் இன்னும் நெருக்கமான உதாரணம் இருக்கிறது. வங்கதேசத்தில் தானே காவலில் சித்திரவதைக்கு ஆளான எம்.பி. சாபர் ஹுசைன் சவுத்ரி, 2009ல் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். 2013ல் அது சித்திரவதை, காவல் மரணத் தடுப்புச் சட்டமாக நிறைவேறியது. அந்தச் சட்டத்தின் கீழ் 2020ல் மூன்று போலீஸாருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

வழி 5: டெல்லிக்கு முன் சென்னை, சென்னைக்கு முன் கிராம சபை

குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே மாநிலமும் சட்டம் இயற்றலாம். மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும், அவ்வளவுதான். மாநிலம் முந்திக்கொண்டு பின்னால் நாடு வந்த வரலாறு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தகவல் உரிமைக்கு முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு, அது 1997ல். நிறைய விலக்குகள் வைத்த பலவீனமான சட்டம்தான். ஆனாலும் ஒரு தொடக்கம். மத்தியச் சட்டம் 2005ல் வந்தது.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 'சித்திரவதைத் தடுப்புச் சட்டம் வேண்டும்' என்ற தீர்மானம் நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஊர்ப் பெயரோடு பதிவாகும். எம்.பி.யிடம் கொடுக்க அதைவிட நல்ல காகிதம் கிடைக்காது.

வழி 6: ஆணையங்கள், ஐ.நா.

உரிமை மீறல் நடந்த ஓராண்டுக்குள் தேசிய அல்லது மாநில மனித உரிமை ஆணையத்தில் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை, தமிழிலேயே எழுதலாம். ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021ல் தீர்ப்பளித்தது. பதிவாகும் ஒவ்வொரு புகாரும் அடுத்த நாடாளுமன்றப் பதிலில் ஓர் எண்ணாக மாறும்.

ஐ.நா. மனித உரிமைப் பேரவை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாட்டின் நிலையையும் ஆராய்கிறது. இந்தியா 2008, 2012, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் இந்த ஆய்வைச் சந்தித்தது. சித்திரவதை உடன்படிக்கையை ஏற்கச் சொல்லிப் பல நாடுகள் திரும்பத் திரும்பக் கேட்டன. இந்த ஆய்வுக்குக் குடிமக்கள் அமைப்புகளும் அறிக்கை அனுப்பலாம். தனியாகச் செய்வது கடினம். மதுரையைச் சேர்ந்த மக்கள் கண்காணிப்பகம் போல, பல ஆண்டுகளாக இதில் வேலை செய்யும் அமைப்புகளோடு சேர்ந்து செய்யலாம்.

இதெல்லாம் சேர்ந்தால் எப்படி இருக்கும்?

ஆர்டிஐ சட்டம் வந்த கதையைப் பார்த்தால் புரியும். ராஜஸ்தானில் 1990 மே 1 அன்று தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பில் இருந்தவர்கள் கூலித் தொழிலாளர்கள், சிறு விவசாயிகள், அவர்களோடு அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங். பஞ்சாயத்து வேலையில் கூலி குறைத்துக் கொடுக்கிறார்களே, கணக்கைக் காட்டு என்பதுதான் அவர்கள் கேட்டது.

1994 முதல் ஊர் நடுவில் பந்தல் போட்டுப் பொது விசாரணை நடத்தினார்கள். கணக்குப் புத்தகத்தில் கூலி வாங்கியதாக இருக்கும் ஆளையே எழுப்பி, 'நீ வாங்கினியா?' என்று கேட்டார்கள். 1996ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. அதே ஆண்டு வக்கீல்கள், பத்திரிகையாளர்கள் சேர்ந்து தேசிய அளவில் ஒரு பிரச்சாரக் குழு. மாநிலச் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 2002ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியும் அது நடைமுறைக்கே வரவில்லை. விடவில்லை. 2005 அக்டோபர் 12 அன்று இப்போதைய சட்டம் அமலுக்கு வந்தது.

இதில் எந்த ஒரு வழியும் தனியாக வென்றுவிடவில்லை. ஊரில் ஆதாரம், தெருவில் கூட்டம், பத்திரிகையில் செய்தி, சபையில் கேள்வி, எழுதித் தயாராக வைத்த வரைவு என ஒன்றை ஒன்று தாங்கிப் பிடித்தன. அவர்கள் கேட்டதும் 'நீதி வேண்டும்' என்ற பொதுவான வார்த்தையை அல்ல. இன்ன கணக்கு, இன்ன காகிதம், இன்ன சட்டம் என்று குறிப்பாகக் கேட்டார்கள்.

சட்டம் வந்துட்டா எல்லாம் சரியாயிடுமா?

ஆகாது. இலங்கை 1994லேயே சித்திரவதைக்கு எதிரான சட்டம் இயற்றியது. அங்கே காவலில் சித்திரவதை நின்றுவிட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. பாகிஸ்தான் 2022ல் இயற்றியது. சட்டம் என்பது கையில் ஒரு பிடி; அதைப் பிடித்து இழுக்க ஆள் வேண்டும்.

சட்டத்தின் வாசகமும் முக்கியம். 2010 மசோதாவை மனித உரிமை அமைப்புகளே எதிர்த்தன. கொடுங்காயம் அல்லது உயிர், உடல்நலத்துக்கு ஆபத்து ஏற்பட்டால்தான் சித்திரவதை என்றது அது. 6 மாதங்களுக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்றது. அடிபட்டு ஜெயிலில் இருப்பவர் 6 மாதத்துக்குள் எப்படிப் புகார் கொடுப்பார்? அரசின் முன் அனுமதியும் வேண்டும் என்றது. திருநர் சட்டத்தில் நடந்ததும் இதுதான்: கேட்டவர்கள் விரும்பிய சட்டம் ஒன்று, வந்தது வேறொன்று.

ஆகவே மசோதா வந்தவுடன் வேலை முடிந்தது என்று கலைந்துவிடக் கூடாது. வரைவு மசோதாக்களைக் குறைந்தது 30 நாட்கள் பொதுமக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும் என்பது மத்திய அரசின் 2014ம் ஆண்டுக் கொள்கை. எல்லா நேரமும் இது கடைப்பிடிக்கப்படுவதில்லை; இருந்தாலும் கேட்க உரிமை உண்டு. மசோதா நிலைக்குழுவுக்குப் போனால் குழுவும் கருத்து கேட்கும். அப்போது இந்தப் பிரிவில் இந்த வார்த்தையை மாற்றுங்கள் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புவது, ஆயிரம் லைக்கை விட வேலை செய்யும்.

சிக்கல் வருமா?

எம்.பி.க்கு எழுதுவது, ஆர்டிஐ போடுவது, ஆணையத்தில் புகார் செய்வது எல்லாம் சட்டம் கொடுத்த உரிமை. ஆனால் சில விஷயங்களில் கவனம் தேவை.

• ஊர்வலம், ஆர்ப்பாட்டம் என்றால் முன்கூட்டியே போலீஸ் அனுமதி கேளுங்கள். மறுத்தால் எழுத்தில் வாங்குங்கள். அதை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம்.

• விசாரணையில் இருக்கும் வழக்கில் இன்னார்தான் குற்றவாளி என்று போஸ்ட் போடாதீர்கள். அவதூறு வழக்கு வரலாம். பாதிக்கப்பட்டவரின் வழக்குக்கும் கெடுதல்.

• பாதிக்கப்பட்ட குடும்பத்தின் படத்தையோ பெயரையோ அவர்களைக் கேட்காமல் பயன்படுத்தாதீர்கள்.

• அரசு ஊழியர்களுக்கு நடத்தை விதிகள் உண்டு. தனியார் நிறுவனங்களிலும் சமூக ஊடக விதிகள் இருக்கும். ஒருமுறை படித்துவிட்டு, அலுவலக மெயிலை விட்டுச் சொந்த மெயிலிலிருந்து எழுதுங்கள்.

• போலீஸ்காரர்களை எதிரியாக்க வேண்டியதில்லை. சாத்தான்குளம் வழக்கில் அன்று இரவு நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் துணிந்து சொன்னவர், அதே காவல் நிலையத்தில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர்தான். அப்படிப்பட்ட சாட்சிகளைப் பாதுகாப்பதும் கேட்கப்படும் சட்டத்தின் ஒரு பகுதி.

அடுத்த மரணம் வரை காத்திருக்க வேண்டாம்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 26, சித்திரவதைக்கு ஆளானோருக்கு ஆதரவான சர்வதேச நாள். சாத்தான்குளமும் ஜூனில்தான், திருப்புவனமும் ஜூனில்தான். அந்த மாதம் மட்டும் பேசிவிட்டு ஜூலையில் மறந்துபோவதுதான் இதுவரை நடந்திருக்கிறது. இப்படிப்பட்ட சட்டங்கள் பிறந்ததோ, எந்த மரணமும் தலைப்புச் செய்தியில் இல்லாத மாதங்களில் யாரோ விடாமல் எழுதிய கடிதங்களால்.

இந்த வாரம் செய்ய ஒரு சின்ன வேலை இருக்கிறது. பக்கத்துக் காவல் நிலையத்தின் சிசிடிவி பற்றி 10 ரூபாயில் ஓர் ஆர்டிஐ. பதில் வந்ததும் அதை இணைத்துத் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம். டி.கே. பாசுவின் கடிதம் பலன் தர 22 ஆண்டுகள் ஆகின. இந்தக் கடிதம் இன்னும் எழுதப்படவே இல்லை.